அமெரிக்காவில் ஸோனோகிராஃபர் லைசென்ஸ்: நான்கே மாநிலங்களில் மட்டும் ஏன்?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருப்பவர், அதாவது ஸோனோகிராஃபர், தன் லைசென்ஸைப் புதுப்பிக்க விண்ணப்பிப்பது மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறையிடம். குடிநீர் சுத்தமாக இருக்கிறதா, காற்றில் மாசு எவ்வளவு, பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டி கசிகிறதா என்று பார்க்கிற அதே துறைதான். வயிற்றில் ஜெல் தடவி, கல்லீரலையும் கருவையும் திரையில் காட்டுகிறவருக்கும் இந்தத் துறைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். நேரடித் தொடர்பு ஒன்றும் இல்லை. கதிர்வீச்சைக் கட்டுப்படுத்தும் பிரிவு அந்தத் துறைக்குள் இருக்கிறது. எக்ஸ்ரே எடுப்பவர்களுக்கான லைசென்ஸ் அந்தப் பிரிவிடம் இருந்தது. பிற்பாடு ஸோனோகிராஃபர்களையும் அதே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சே கிடையாது, அது வெறும் ஒலி அலை என்பதுதான் இதில் வேடிக்கை.

இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றக் குழப்பங்கள் பலவும் தெளிவாகும். அமெரிக்காவில் நர்ஸுக்கு எல்லா மாநிலங்களிலும் லைசென்ஸ் வேண்டும். முடி வெட்டுபவருக்கும் ஏறக்குறைய எங்கும் வேண்டும். எக்ஸ்ரே எடுப்பவருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் வேண்டும். ஆனால் ஸோனோகிராஃபரிடம் மாநில லைசென்ஸ் கேட்பவை நியூ மெக்சிகோ, ஆரிகன், நார்த் டகோட்டா, நியூ ஹாம்ப்ஷயர் என்று நான்கே மாநிலங்கள். கலிஃபோர்னியாவிலோ டெக்சஸிலோ நியூயார்க்கிலோ "உன் ஸோனோகிராஃபி லைசென்ஸைக் காட்டு" என்று அரசு கேட்காது. கேட்டாலும் காட்ட அப்படி ஒரு லைசென்ஸ் அங்கே இல்லை.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. மருத்துவப் படமெடுப்பில் அரசு தலையிட்டதே கதிர்வீச்சுக்குப் பயந்துதான். 1960-களிலிருந்து சில மாநிலங்கள் எக்ஸ்ரே டெக்னீஷியன்களுக்கு லைசென்ஸ் கொண்டுவந்தன. 1981-இல் மத்திய அரசு நோயாளிகளைக் கதிர்வீச்சிலிருந்து காக்க ஒரு சட்டம் போட்டது. கதிர்வீச்சைக் கையாள்பவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று வரையறுத்து, பின்பற்றுவதா வேண்டாமா என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. அல்ட்ராசவுண்ட் இந்த அச்சத்தின் எல்லைக்கு வெளியே இருந்தது. ஒலி அலை திசுவைக் கொஞ்சம் சூடாக்கும் என்பதால் இயந்திரத்தின் வீச்சுக்கு, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் மத்திய அமைப்பான எஃப்.டி.ஏ. வரம்பு வைத்திருக்கிறது. தேவையான அளவுக்கு மேல் அலையைச் செலுத்தாதே என்பது தொழிலின் பாலபாடம். ஆனால் எக்ஸ்ரேவைப் போல 'தவறான கையில் போனால் புற்றுநோய் வரலாம்' என்ற பேச்சு இதில் எழவில்லை. அதனால் சட்டம் எழுதும் அவசரமும் யாருக்கும் வரவில்லை.

அரசு விட்ட இடத்தைத் தொழிலில் இருந்தவர்களே நிரப்பிக்கொண்டார்கள். 1970-இல் ஸோனோகிராஃபர்களுக்கான சங்கம் உருவானது. 1975-இல் தேர்வு நடத்திச் சான்று கொடுக்க ஏ.ஆர்.டி.எம்.எஸ். என்ற தனி அமைப்பு வந்தது. அது அரசு அமைப்பு அல்ல, லாப நோக்கமில்லாத தனியார் அமைப்பு. அது தரும் ஆர்.டி.எம்.எஸ். என்ற பட்டயத்தைத்தான் இன்று வேலை விளம்பரங்களில் பார்க்கிறோம். இதயத்துக்கு ஆர்.டி.சி.எஸ்., ரத்தக் குழாய்களுக்கு ஆர்.வி.டி. என்று தனித்தனியாக உண்டு. 1922-இலிருந்து எக்ஸ்ரேகாரர்களுக்குச் சான்று கொடுத்துவரும் ஏ.ஆர்.ஆர்.டி. என்ற பழைய அமைப்பும் பின்னாளில் ஸோனோகிராஃபிக்குத் தேர்வு வைத்தது. தொழிலில் இருப்பவர்கள் பேச்சுவழக்கில் இவற்றை 'ரெஜிஸ்ட்ரி' என்பார்கள். "ரெஜிஸ்ட்ரி பாஸ் பண்ணிட்டியா?" என்பதுதான் படித்து முடித்தவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி.

லைசென்ஸ் வேறு, ரெஜிஸ்ட்ரி வேறு. லைசென்ஸ் என்பது அரசு தரும் அனுமதி. அது இல்லாமல் வேலை செய்தால் சட்ட மீறல், அபராதம் வரும். ரெஜிஸ்ட்ரி என்பது ஒரு தனியார் அமைப்பு "இவருக்கு இந்த வேலை தெரியும்" என்று தரும் சான்று. அது இல்லாமல் ஸ்கேன் எடுப்பது 46 மாநிலங்களில் பொதுவாகக் குற்றமல்ல. ஆனாலும் அது இல்லாதவருக்கு அங்கே நல்ல ஆஸ்பத்திரியில் வேலை கிடைப்பது அரிது. சட்டம் கேட்காததை வேறு யாரோ கேட்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

பணம் கொடுப்பவர்தான் கேட்கிறார். முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டின் விதி ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியோடோ டாக்டரின் கிளினிக்கோடோ சேராமல் தனியாக நடக்கும் பரிசோதனை மையத்தில் டெஸ்ட் எடுக்கும் ஊழியர் மாநிலத்தின் லைசென்ஸோ சான்றோ வைத்திருக்க வேண்டும். அப்படி லைசென்ஸ் தரும் போர்டு அந்த மாநிலத்தில் இல்லையென்றால், தகுந்த தேசியச் சான்றமைப்பின் சான்று வேண்டும். இல்லாவிட்டால் அந்த டெஸ்டுக்குப் பணம் வராது. ரத்தக் குழாய் ஸ்கேனுக்கும் பல பகுதிகளில் இதே மாதிரி நிபந்தனை உண்டு: சான்று பெற்றவர் எடுத்திருக்க வேண்டும், அல்லது அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் எடுத்திருக்க வேண்டும். தனியார் காப்பீட்டு நிறுவனங்களும் ஏறக்குறைய இதே வழியில் போகின்றன. ஆக, போலீஸ் செய்யாத வேலையை பில்லிங் கவுன்ட்டர் செய்துகொண்டிருக்கிறது. என்னைக் கேட்டால், அமெரிக்க மருத்துவத்தில் நிறைய விதிகளின் நிஜமான காவல்காரர் இந்த பில்லிங் கவுன்ட்டர்தான்.

இத்தனை பேர் இப்படிக் கவனமாக இருப்பதற்கு, அல்ட்ராசவுண்ட் வேலை நடக்கும் விதமே காரணம். எக்ஸ்ரேயில் முழுப் படமும் ஒரே தரத்தில் பதிவாகிவிடும். படிக்கிற டாக்டர் மூலை முடுக்கெல்லாம் பார்க்கலாம். அல்ட்ராசவுண்டில் அப்படி இல்லை. கையில் பிடித்த ப்ரோபை எந்தக் கோணத்தில் சாய்க்கிறோமோ அந்தச் சீவல்தான் திரையில் தெரியும். அதில் எதை நிறுத்திச் சேமிக்கிறோமோ அது மட்டும்தான் டாக்டருக்குப் போகும். கணையத்தின் வால்பகுதியில் இருக்கும் சின்னக் கட்டியை ஸோனோகிராஃபர் தாண்டிப் போய்விட்டால், அறிக்கை எழுதும் ரேடியாலஜிஸ்டைப் பொறுத்தவரை அந்தக் கட்டி உலகத்திலேயே இல்லை. ஸோனோகிராஃபரின் கண்ணும் மணிக்கட்டும் நோய் கண்டறிதலில் பாதி. கதிர்வீச்சால் வரும் ஆபத்து இல்லை, சரி. கவனக்குறைவால் வரும் ஆபத்து எக்ஸ்ரேயைவிட இதில் அதிகம். லைசென்ஸ் வேண்டும் என்று வாதாடுபவர்களின் முக்கிய வாதம் இதுதான். 2009-இல் ஆரிகன் சட்டசபையும் நியூ மெக்சிகோ சட்டசபையும் சட்டத்தைத் திருத்தி, எம்.ஆர்.ஐ. எடுப்பவர்களையும் ஸோனோகிராஃபர்களையும் உள்ளே கொண்டுவந்தன. ஆரிகனில் அதுவரை கதிர்வீச்சுத் தொழில்நுட்பத்தின் பெயரில் இருந்த போர்டு, 2010-இல் மெடிக்கல் இமேஜிங் போர்டு ஆனது. நார்த் டகோட்டாவும் நியூ ஹாம்ப்ஷயரும் அதற்குப் பிறகு சேர்ந்தன.

புதுப்பித்தலை ஆரிகனை வைத்தே பார்க்கலாம்.

அங்கே லைசென்ஸ் இரண்டு வருடத்துக்கு. காலம் முடிவதற்குள் ஆன்லைனில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். படிவம் பெரிதில்லை. பெயர், முகவரி, வேலை செய்யும் இடம், தேசியச் சான்றின் விவரம், அது எதுவரை செல்லும், தொடர்கல்வி முடித்தாயிற்றா, சென்ற முறைக்குப் பிறகு உங்கள் மேல் ஏதாவது வழக்கோ ஒழுங்கு நடவடிக்கையோ உண்டா. இதோடு ஆரிகன் இன்னும் இரண்டைச் சேர்த்திருக்கிறது. மாநிலத்தில் எந்த மருத்துவத் தொழிலில் எத்தனை பேர், எந்த ஊரில், எந்த மொழி தெரிந்தவர்கள் என்று கணக்கெடுக்கும் ஒரு படிவம். அப்புறம் வேறு பண்பாட்டு நோயாளிகளிடம் நடந்துகொள்வது பற்றிய பயிற்சி. இரண்டாவதைச் சிலர் சலிப்போடு முடிக்கிறார்கள். ஆனால் புடவை கட்டிய பாட்டி ஒருவரிடம் டிரான்ஸ்வஜைனல் (பிறப்புறுப்பு வழியாக எடுக்கும்) ஸ்கேனுக்குச் சம்மதம் கேட்க வேண்டிய நிலையை நினைத்துப் பார்த்தால், அந்தப் பயிற்சி வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

குழப்பம் படிவத்தில் இல்லை, கடிகாரங்களில் இருக்கிறது. மாநில லைசென்ஸ் இரண்டு வருடச் சுற்று. ஏ.ஆர்.டி.எம்.எஸ். சான்றுக்கு மூன்று வருடச் சுற்று: அதற்குள் 30 தொடர்கல்விப் புள்ளிகள், கூடவே ஆண்டுதோறும் கட்டணம். ஏ.ஆர்.ஆர்.டி. சான்றும் வைத்திருந்தால் அங்கே இரண்டு வருடத்துக்கு 24 புள்ளிகள், அதுவும் பிறந்த மாதத்தை வைத்துக் கணக்கு. 2011 முதல் அந்தச் சான்றைப் பெற்றவர்கள் பத்து வருடத்துக்கு ஒருமுறை தங்கள் அறிவைத் திரும்பச் சோதித்து, குறையுள்ள இடத்தில் படித்துக் காட்டவும் வேண்டும். இரண்டு வருடக் கடிகாரமும் மூன்று வருடக் கடிகாரமும் சேர்ந்து மணியடிப்பது ஆறு வருடத்துக்கு ஒருமுறைதான். மற்ற வருடங்களில் ஒன்று முடியும்போது இன்னொன்று பாதியில் நிற்கும்.

ஓர் உதாரணம். ஒருவர் மூன்றாம் வருடக் கடைசியில் விழுந்தடித்து 30 புள்ளிகளையும் சேர்த்துவிடுகிறார். ஏ.ஆர்.டி.எம்.எஸ். கணக்கு நேராகிவிட்டது. ஆனால் ஏ.ஆர்.ஆர்.டி.யின் இரண்டு வருடச் சுற்று அதற்குச் சில மாதங்கள் முன்பே முடிந்திருந்தால்? அந்த 30-இல் ஒன்றுகூடப் பழைய சுற்றில் சேராது. சான்றிதழில் இருக்கும் தேதி சுற்றின் எல்லைக்குள் விழுந்தால்தான் செல்லும். தாண்டினால், படித்தது உண்மையே ஆனாலும் செல்லாது. ஒரே பாடத்தை ஒரு சுற்றில் இரண்டு முறை படித்தால் ஒரு முறைதான் கணக்கு என்பதையும் பலர் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். வருடத்துக்கு 12 புள்ளிகள் என்று சீராகச் சேர்த்துக்கொண்டு போனால் 24-உம் வரும், 30-உம் வரும், தேதிச் சிக்கலும் வராது. இதைச் சொல்வது சுலபம். இரவு ஷிஃப்ட் முடித்து வந்து உட்கார்ந்து வீடியோ பாடம் பார்ப்பவருக்குத்தான் கஷ்டம் தெரியும்.

புள்ளிகளை முடித்தேன் என்று நாமே உறுதி சொன்னால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். பிறகு சிலரைத் தேர்ந்தெடுத்து ஆடிட் செய்வார்கள். அப்போது ஒவ்வொரு சான்றிதழையும் காட்ட வேண்டும். பாடம் நடத்திய நிறுவனம் இரண்டு வருடத்தில் இணையத்திலிருந்தே காணாமல் போயிருக்கலாம். அதனால் முடித்த அன்றைக்கே சான்றிதழை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. வழக்கு பற்றிய கேள்விக்கும் இங்கேயே ஒரு வார்த்தை: பழைய சின்ன வழக்கு ஒன்றால் லைசென்ஸ் போவதைவிட, அதை மறைத்ததால் போவதே அதிகம் நடக்கக்கூடியது. போர்டுகளுக்குப் பொய் பதில் தனிக் குற்றம்.

தமிழர்களுக்கென்றே இதில் ஒரு தனித் தலைவலி உண்டு. பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. ரெஜிஸ்ட்ரியில் இனிஷியலோடு பதிந்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் ஒட்டிக்கொண்டது. மாநில போர்டில் இருப்பது இந்த மூன்றிலும் சேராத நான்காவது வடிவம். போர்டு தேசியச் சான்றைச் சரிபார்க்கப் பெயரைத் தேடும்போது 'இப்படி ஒருவர் இல்லை' என்று வரும். தவறு யார் மேலும் இல்லை, ஆனால் நாட்கள் போய்க்கொண்டே இருக்கும். புதுப்பிப்பதற்கு வெகு நாட்கள் முன்பே எல்லா இடத்திலும் பெயரை ஒன்றாக்கி வைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி. இந்தியாவில் டாக்டருக்குப் படித்துவிட்டு, குடும்பத்தோடு அமெரிக்கா போய், அங்கே டாக்டராக வேலை செய்யத் தேவையான ரெசிடென்சி பயிற்சி கிடைக்காமல் ஸோனோகிராஃபராக மாறியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எம்.பி.பி.எஸ். சான்றிதழில் இருக்கும் பெயரையும் சேர்த்தால் ஐந்து வடிவம்.

தேதி தவறிவிட்டால் என்ன ஆகும்? 46 மாநிலங்களில் ரெஜிஸ்ட்ரி தவறினால் முதலாளியோடும் பில்லிங்கோடும் தகராறு. நான்கு மாநிலங்களில் லைசென்ஸ் தவறினால் அன்றைக்கே ப்ரோபைக் கீழே வைக்க வேண்டும். அனுபவம் இருபது வருடமானாலும் சரி, அறையில் நோயாளி படுத்திருந்தாலும் சரி. ஷெட்யூலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அந்த இடைவெளியில் எடுத்த ஸ்கேன் ஒன்று பில்லில் போயிருந்தால் ஆஸ்பத்திரிக்கும் சிக்கல். காலாவதியான லைசென்ஸைத் திரும்ப உயிர்ப்பிப்பதற்குத் தாமதக் கட்டணமும் கூடுதல் காகிதங்களும் உண்டு. இத்தனைக்கும் காரணம் பெரும்பாலும் சோம்பேறித்தனம் இல்லை. வீடு மாறியிருப்பார், மின்னஞ்சல் மாறியிருக்கும், நினைவூட்டல் பழைய முகவரிக்குப் போயிருக்கும். நினைவூட்டல் வரவில்லை என்பதைப் போர்டுகள் பொதுவாகக் காரணமாக ஏற்பதில்லை.

ஊர் ஊராகப் போய் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் கசக்கும். 'டிராவலர்' என்று அழைக்கப்படும் இவர்களுக்கு ஓர் ஆஸ்பத்திரியில் ஒப்பந்தம் வழக்கமாக 13 வாரம். அரிசோனாவில் ரெஜிஸ்ட்ரி சான்றைக் காட்டி வேலையில் சேர்ந்துவிடலாம். அதே ஆள் எல்லை தாண்டி நியூ மெக்சிகோ போனால் முதலில் மாநில லைசென்ஸ் வேண்டும். நர்ஸுகளுக்கு ஒரு லைசென்ஸில் பல மாநிலங்களில் வேலை செய்ய மாநிலங்களுக்கிடையே உடன்படிக்கை இருக்கிறது. ஸோனோகிராஃபருக்கு லைசென்ஸே நான்கு மாநிலங்களில்தான் என்னும்போது உடன்படிக்கைக்கு எங்கே போவது?

லைசென்ஸை எதிர்ப்பவர்கள் சொல்வதும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. நான்கு மாநிலங்களும் லைசென்ஸ் கொடுக்க அடிப்படையாக எடுத்துக்கொள்வது அந்தத் தனியார் ரெஜிஸ்ட்ரி சான்றைத்தானே, ஒரே தகுதிக்கு இரண்டு முறை எதற்குக் கட்டணம் என்கிறார்கள். பாதி நியாயம்தான். மறு பாதி இது: ரெஜிஸ்ட்ரியால் தன் சான்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும், ஆனால் வேலை செய்யாமல் தடுக்க முடியாது. சான்று பறிபோனவர் லைசென்ஸ் இல்லாத மாநிலம் ஒன்றில், காப்பீட்டுக்கு பில் போடாமல் ரொக்கம் மட்டும் வாங்கும் இடத்தில் ஸ்கேன் எடுத்தால் யார் கேட்பது? ஷாப்பிங் மால்களில் கருவின் முகத்தை 3டி படமாக எடுத்து ஃபிரேம் போட்டுக் கொடுக்கும் ஸ்டுடியோக்கள் அப்படிப்பட்ட இடங்கள்தான். ஞாபகத்துக்காக மட்டும் எடுக்கும் ஸ்கேன் வேண்டாம் என்று எஃப்.டி.ஏ. பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. பில்லிங் கவுன்ட்டரின் காவல் அங்கே செல்லாது, ஏனென்றால் அங்கே காப்பீட்டு பில்லே இல்லை. லைசென்ஸுக்கு நான் கை தூக்குவேன் என்றால் இந்த ஓட்டைக்காகத்தான்.

நம் ஊரோடு ஒப்பிட்டால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். இந்தியாவில் அல்ட்ராசவுண்டைச் சட்டம் தொட்டது கதிர்வீச்சுக்காகவும் அல்ல, திறமைக்காகவும் அல்ல. பெண் சிசுக்களுக்காக. 1994-இல் இயற்றி 1996-இல் நடைமுறைக்கு வந்து, 2003-இல் இறுக்கப்பட்ட, கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டத்தின்படி பதிவு பெற வேண்டியது ஸ்கேன் சென்டர். அந்தப் பதிவு ஐந்து வருடம் செல்லும். முடிவதற்கு 30 நாள் முன்பு புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் முதல் பதிவில் பாதி. 90 நாளுக்குள் அதிகாரி பதில் சொல்லாவிட்டால் புதுப்பித்ததாகவே கொள்ளலாம் என்றும் விதி இருக்கிறது. அமெரிக்க ஸோனோகிராஃபர் கேட்டால் பொறாமைப்படுவார். ஆனால் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஸ்கேன் விவரங்களைப் பதியும் 'எஃப்' படிவம் நிரப்பி மாதாமாதம் அனுப்ப வேண்டும், அதில் ஒரு கட்டம் விட்டுப்போனாலும் வழக்கு வரலாம் என்று சொன்னால் பொறாமை போய்விடும்.

கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுப்பதும் இங்கே டாக்டர்தான். அமெரிக்காவில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்க்கும் ஸோனோகிராஃபர் என்ற வேலை நம் சட்டத்தின் கண்ணில் வெகுகாலம் படவே இல்லை. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் தன் அட்டவணையில் ஸோனோகிராஃபரின் பெயரைச் சேர்த்திருக்கிறது. அவர்களுக்கென்று பதிவேடு, தனி அடையாளம் என்றெல்லாம் அந்தச் சட்டம் பேசுகிறது. ஆனால் பி.சி.பி.என்.டி.டி. சட்டம் அப்படியே நிற்கும்போது கர்ப்பிணியின் வயிற்றில் ப்ரோபை வைக்க அந்தப் பதிவு போதாது.

ஆரிகனில் போர்டின் இணையதளத்தில் ஒருவரின் பெயரைத் தட்டினால் அவருடைய லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். நம் ஊர் ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள். பக்கத்திலேயே, ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற பலகை. அடுத்த முறை காத்திருக்கும்போது அந்தச் சான்றிதழை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சென்டரின் பெயர் இருக்கும், எதுவரை செல்லும் என்ற தேதி இருக்கும், இயந்திரத்தின் கம்பெனியும் மாடலும்கூட இருக்கும்.